மின்னும் நீரும் பாவனையாளர் முறைப்பாடும்

மின்சாரப் பட்டியல் இருமடங்காக வந்துவிட்டால் நாம் எங்கே போகிறோம்? தெரிந்த பொறியியலாளர் ஒருவரைத் தேடிப் போகிறோம். அவர் நம் கல்லூரிப் பழைய மாணவராயிருந்தால் காரியம் பாதி முடிந்ததாகவே எண்ணுகிறோம். அத்தகைய அறிமுகம் ஒன்றுமில்லாத ஏழைப் பாவனையாளன் யாரிடம் போவான் என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி.

அதற்கு விடையாக அமையவேண்டியது, 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. மின்சாரமும் நீரும் அதன் மேற்பார்வைக்கென எண்ணப்பட்டவை. மின்சாரம் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் கைக்கு வந்தது. நீருக்கென 2003இல் கொணரப்பட்ட சீர்திருத்த மசோதாவோ, மாகாண சபைகளின் கருத்தறியாது நிறைவேற்றத்தக்கதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்ததன் பின் சட்டமாகவில்லை. மாகாணங்களின் உரிமையைப் பேணிய அத்தீர்மானத்தை நாம் குறைகூறோம். ஆயினும் நீர் பாவிப்போனுக்குரிய நடுவன் அத்துடன் இல்லாது போயினான்.

ஒரே குறை பல அலுவலகங்களைச் சார்ந்ததாகும்போது நேர்வது யாதென்பதைச் சுன்னாகம் காட்டிற்று. ஆறில்லாத நமது சுண்ணக்கற் குடாநாட்டிற்குக் கிணறே கதி. மின்னிலையத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. மின்சாரத்துக்கு ஒரு சபை, நீருக்கு வேறொரு சபை, சுற்றாடலுக்கு மற்றோர் அதிகாரசபை. கிணற்றுக்காரனுக்கோ பட்டியல் வருவதில்லை. ஆதலால் எவர் ஏட்டிலும் அவன் பாவனையாளன் அல்லன்! 2015இல் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கலாயிற்று. தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பு வந்தது 2019 ஏப்பிரலில். கெட்ட கிணற்றோடு மக்கள் காத்திருந்த ஆண்டுகள் நான்கு.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. 2023 மே மாதத்தில் ஆணைக்குழுவின் தலைவரையே பாராளுமன்றம் பதவி நீக்கிற்று. அவ்வழக்கின் நியாய அநியாயத்துள் நாம் புகவில்லை. தலைவர் மாறலாம்; முறைப்பாட்டுக் கோவை நகராமல் நிற்கலாகாது. பாவனையாளர் பாதுகாப்பை நடத்தும் அதிகாரியை அளக்கும் கோல், அவர் அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களின் தொகையன்று. தமிழில் எழுதியவனுக்குத் தமிழில் மறுமொழி போயிற்றா? மின்மானி பிழையென முறையிட்டவனின் விளக்கம் முடியுமுன் இணைப்புத் துண்டிக்கப்படாது காக்கப்பட்டதா? ஒரே ஊரிலிருந்து ஒரே வகை முறைப்பாடு பத்து வந்தால், பத்துக் கடிதமாக விடையளிக்கப்பட்டதா, ஒரு விசாரணையாக எடுக்கப்பட்டதா? இவ்விறுதிக் கேள்வியையே நாம் பெரிதென மதிக்கிறோம். தனி முறைப்பாட்டைத் தீர்ப்பது எழுதுவினைஞர் வேலை, பழுதின் வேரைக் காண்பதே அதிகாரியின் வேலை.

கட்டண மாற்றத்தின் முன் ஆணைக்குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்பதுண்டு. நம்மவருட் கணக்காளரும் மின்பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் பலர். சங்கம் மாதமொரு சனிக்கிழமை மாலை மண்டபத்தைத் திறந்துவைத்தால், அயலவர் கொணரும் பட்டியலை வாசித்து முறைப்பாடு எழுதிக்கொடுக்கவும், பத்தைச் சேர்த்து ஒன்றாக அனுப்பவும் நம்மிடம் ஆளுண்டு.