விண்ணப்பத் தாளின் விலை

நெசவாளர்க்கும் உழவர்க்கும் அரசாங்கம் வகுத்துள்ள காப்பீடு, ஓய்வூதியம், குடும்ப உதவி ஆகியவற்றைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். தொகை எவ்வளவு, யாருக்குக் கிடைக்கும், எத்தனை வயது வரையில் சேரலாம் என்பனவெல்லாம் அங்கத்தினர் பலருக்கும் இன்று மனப்பாடம். ஆனால் அத்தொகையைப் பெறுவதற்கு நிரப்ப வேண்டிய தாளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது மழையையும் வெயிலையும் போல் மேலிருந்து வருவது, அதில் நாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை என்று எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் தவறானது. ஒரு படிவம் எத்தனை கேள்வி கேட்கலாம், எத்தனை சான்று வேண்டலாம் என்பதைப் பற்றி அதனை நிரப்புகிறவரே அரசாங்கத்துக்கு எடுத்துரைக்க வேண்டும். தனித்தனியே அவரால் உரைக்க இயலாததைச் சங்கம் உரைக்க வேண்டும்.

முதலில் செலவைப் பார்ப்போம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஒரு சான்றிதழுக்காக அரை நாள் விடுப்பு எடுத்தால் அவருடைய சம்பளம் குறைவதில்லை. நெசவாளர் நிலை அப்படியன்று. அவருக்குக் கூலி நெய்த துணிக்கே. தறியில் அமராத நாளுக்குக் கூலி இல்லை. அதிலும் குழித்தறி வேலை ஒருவர் வேலையன்று. ஒருவர் நெய்ய, வீட்டிலுள்ள மற்றொருவர் தார் சுற்றித் தருகிறார். தார் சுற்றுகிற அம்மையார் தாலுகா அலுவலகத்துக்குப் போனால் நாடாவுக்கு நூல் இராது, தறி நிற்கும். ஆக, ஒருவர் அலைச்சலில் இருவர் கூலி போகிறது. பேருந்துக் கட்டணம், நகலெடுக்கும் செலவு, கணினி மையத்தில் கொடுக்கும் காசு ஆகியவை இதற்கு மேல். உழவருக்கும் இதே கதைதான். நடவு வாரத்தில் போன ஒரு நாளை வேறொரு நாளில் ஈடு செய்துகொள்ள முடியாது. இச்செலவு எந்த அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏறாத காரணத்தால் அது இல்லை என்றே கொள்ளப்படுகிறது.

ஒரு நெசவாளர் ஐம்பது வயதுக்குள் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கின் வழியாகப் பிரதம மந்திரியின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் அவர் சேர்ந்திருந்தார். 2015ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தில், 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து ஆண்டுக் கட்டணம் 436 ரூபாய். சேர்ந்தவர் இறந்தால் நியமனதாரருக்கு 2 லட்சம் ரூபாய். நல்ல ஏற்பாடு, ஐயமில்லை. சேருவதற்கு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும்; கட்டணம் ஆண்டுதோறும் கணக்கிலிருந்து தானே கழிந்துவிடும். பணத்தைப் பெறும் காலத்தில்தான் தாள்கள் பெருகுகின்றன. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், பற்றுச்சீட்டு, நியமனதாரரின் அடையாளச் சான்று, அவருடைய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை வங்கிக்கு. அதே அம்மையார் சங்கத்துக்கு வருகிறார். சேமிப்பு பாதுகாப்புத் திட்டத்தில் கணவர் பெயரில் சேர்ந்த தொகைக்கு ஒரு விண்ணப்பம். பங்குத் தொகைக்கு மற்றொன்று. குடும்ப ஓய்வூதியத்துக்கு வேறொன்று. இடையில் வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகம். ஒரே மனிதர் இறந்ததை ஒரே மனைவி பல இடங்களில், பல முறை மெய்ப்பித்தாக வேண்டும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஊர் திரும்பு முன்னரே இந்த அலைச்சல் தொடங்கிவிடுகிறது.

இவற்றுள் எது இன்றியமையாதது, எது மிகை என்று பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தோன்றும். இறப்புச் சான்றிதழை வழங்கியது அரசாங்கத்தின் ஓர் அலுவலகம். அதன் நகலைக் கேட்பது மற்றோர் அலுவலகம். இறந்தவர் அங்கத்தினரா, எத்தனை ஆண்டு நெய்தார், எவ்வளவு கூலி பெற்றார், யாரை நியமித்தார் என்பனவெல்லாம் சங்கப் பதிவேடுகளிலேயே உள்ளன. உழவர் கையில் கொடுத்து அனுப்பும் சிட்டாவும் வருவாய்த் துறையின் ஆவணந்தான். அரசாங்கத்தின் இடக்கையிலிருப்பதை அதன் வலக்கைக்குக் கொண்டு சேர்க்கும் வேலையைக் குடிமக்கள் தம் சொந்தச் செலவில் செய்துவருகின்றனர்.

பெயர் விஷயம் தனியே சொல்லத்தக்கது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் தம் பெயருமே உண்டு. ஆனால் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இட்ட படிவம் நம்மிடம் வருகிறது. ஒரு சான்றில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும், மற்றொன்றில் பின்னால் நிற்கும். வேறொன்றில் தந்தை பெயர் முழுமையாக விரிந்து, அதுவே மகனுடைய பெயர் போலத் தோன்றும். முத்துசாமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுத முற்பட்டால் மூன்று நான்கு வகையாக எழுதலாம்; எல்லாம் சரியே. ஆயினும் ஆதாரில் ஒரு வகையும் வங்கிப் புத்தகத்தில் ஒரு வகையும் இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அதற்கு முத்திரைத் தாள் வேண்டும். அதற்கு ஒரு நாள் வேண்டும். இதில் விண்ணப்பதாரர் செய்த பிழை யாது? நம் ஊர்ப் பெயர் வழக்கத்தை அறியாமல் அமைத்த கட்டமே பிழை. இதனைப் படிவம் எழுதுகிறவர்க்கு யாரேனும் சொன்னாலன்றி அவர் அறிய வழியில்லை.

தாளே வேண்டாம் என்பது என் வாதம் அன்று. சங்கங்களைத் தணிக்கை செய்யும் தொழிலில் இருப்பவன் அவ்வாறு சொல்லவும் மாட்டான். தறியில்லாதவர் பெயரில் கூலிப் பட்டி எழுதுவதும், இறந்தவர் பெயரில் உதவித் தொகை தொடர்வதும் உலகில் நடவாதவை அல்ல. பொதுப்பணத்துக்குச் சாட்சியம் வேண்டும். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்பதற்கு முன், இக்கேள்வியின் விடையால் எந்த முடிவு மாறும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடை எதுவாயினும் முடிவு ஒன்றே என்றால் அக்கேள்வி வீண். மோசடிக்காரர் பத்துச் சான்று கேட்டாலும் பத்தையும் முறையாகக் கொண்டுவந்து விடுகிறார். இளைத்துப் போவது எழுதப் படிக்கத் தடுமாறும் உண்மை விண்ணப்பதாரரே.

இச்சோதனையைச் சட்டமாகவே ஆக்கிக்கொண்ட நாடு ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் சமூகக் காப்புச் சட்டம் 1935 ஆகஸ்டு 14இல் கையொப்பமாயிற்று. காப்பு வளர வளர அதற்கான படிவங்களும் வளர்ந்தன. 1942இலேயே இதற்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் செய்தனர். அது போதாமையால் 1980இல் காகிதச் சுமைக் குறைப்புச் சட்டம் என்பதை இயற்றி, 1995இல் அதனைத் திருத்தி அமைத்தனர். அதன்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரிடம் ஒரே விதமான விவரம் கேட்க விரும்பும் மத்திய அரசு அலுவலகம், முதலில் அரசிதழில் அறிவித்து 60 நாள் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். பின்னர் வரவு செலவு மேலாண்மை அலுவலகத்துக்கு அனுப்பும்போது மறுபடியும் அறிவித்து 30 நாள் இடம் தர வேண்டும். எத்தனை பேர் நிரப்புவர், ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகும், ஆண்டில் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று அறிவிப்பில் கணக்குக் காட்ட வேண்டும். இக்கேள்விகள் தேவைதாமா, காட்டிய கணக்கு சரியா, சுமையைக் குறைக்க வழியுண்டா என்பவற்றைப் பற்றி எவரும் எழுதலாம். அங்கீகாரம் மூன்றாண்டுக்கு மேற்படாது. பிறகு மீண்டும் கேட்க வேண்டும். அங்கீகார எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக எவரையும் தண்டிக்க முடியாது.

அந்நாட்டுச் சமூகக் காப்பு நிர்வாகம், உடல் நலிவால் வேலை செய்ய இயலாதவரிடம் அவருடைய அன்றாட வாழ்வைப் பற்றி விசாரிக்கும் படிவம் ஒன்று வைத்திருக்கிறது. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரையில் என்ன செய்கிறீர், சமைக்கிறீரா, கடைக்குப் போகிறீரா என்று பல பக்கம் கேட்கும். அதன் ஒரு பதிப்பில், இதனைப் படித்து, விவரம் சேர்த்து, விடையெழுத ஏறத்தாழ 61 நிமிடம் ஆகும் என்று அச்சிட்டிருந்தது. அறுபது போதாமல் அந்த ஒரு நிமிடத்தை எவ்விதம் கண்டனரோ! எனினும் அதனருகே, இக்கால மதிப்பீட்டைப் பற்றிக் கருத்து இருந்தால் எழுதுக என்று பால்டிமோர் நகர முகவரி ஒன்றையும் கொடுத்து, நிரப்பிய படிவத்தை இம்முகவரிக்கு அனுப்பற்க என்றும் எச்சரித்திருந்தனர். இம்முறையிலும் குறை உண்டு. நிமிடக் கணக்கைப் போடுகிறவர் படிவம் தயாரித்த அலுவலகத்தாரே. அது குறைத்தே போடப்படும் என்ற புகார் பழமையானது. அறிவிப்புகளுக்கு வரும் கருத்துரைகளும் சொற்பமே. என்றாலும் குடிமக்களின் ஒரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு என்ற கொள்கையை அங்கே சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அக்கொள்கையை நாம் கடனாகப் பெறலாம், வட்டி இல்லை.

நம் நாட்டில் இத்தகைய வழி அறவே இல்லை என்று கருத வேண்டாம். முன்வெளியீடு செய்தே விதி இயற்ற வேண்டும் என்று ஒரு சட்டம் கூறுமானால், வரைவை வெளியிட்டு, ஒரு தேதியைக் குறித்து, அதற்குள் வரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கவனித்த பின்னரே விதியை இறுதியாக்க வேண்டும் என்பது 1897ஆம் ஆண்டுப் பொதுக்கூறுகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020இல் இயற்றப்பட்ட பின், மத்திய விதிகளின் வரைவு அவ்வாண்டு நவம்பரில் வெளியாயிற்று. கருத்துரைக்க 45 நாள் கொடுக்கப்பட்டது. அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு முதலானவை அதில் அடங்கும். நம் சங்கங்களில் எத்தனை சங்கங்களின் நிர்வாகக் குழு அவ்வரைவைக் கண்ணுற்றது? குற்றம் முழுவதும் நம்முடையதன்று. மத்திய அரசிதழ் வெளிவருவது இந்தியிலும் ஆங்கிலத்திலும். பரமக்குடி நெசவாளர் அதை எங்கே தேடுவார்? தேடினாலும் எவ்வாறு படிப்பார்? அன்றியும், நம் திட்டங்களிற் பல விதிகளால் அன்றி அரசாணைகளாலும் சுற்றறிக்கைகளாலும் நடப்பவை. அவற்றின் படிவத்துக்கு வரைவும் இல்லை, ஆட்சேப நாளும் இல்லை. ஒரு நாள் பழைய படிவம் செல்லாது என்ற செய்தியே முதற்செய்தியாக வரும்.

திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் மனு வாங்குகிறாரே, அது போதாதா என்று சிலர் கேட்பர். அது வேறு, இது வேறு. தம் விண்ணப்பம் திரும்பிவிட்டது என்று ஒருவர் மனுக் கொடுத்தால், ஆட்சியர் இரங்கி அந்த ஒரு விண்ணப்பத்தை நகர்த்துவார். திருப்பியனுப்பிய கட்டம் படிவத்தில் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அடுத்தவர் வரிசையில் நிற்பார். மனு ஒருவருடைய குறையைத் தீர்ப்பது. படிவத்தின் மீது தெரிவிக்கும் கருத்து, இன்னும் விண்ணப்பிக்காதவர் குறையைத் தீர்ப்பது. சொன்னால் மாறும் என்பதற்கு அடையாளம் இல்லாமலும் இல்லை. ஓய்வூதியர் உயிருடனிருப்பதை விரல் ரேகையால் மெய்ப்பிக்கும் ஜீவன் பிரமாண் முறை 2014 நவம்பரில் வந்தது. ஆயுள் முழுதும் நூலிலும் சாயத்திலும் மண்ணிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களைக் கருவி அறியாமல் திணறியது. 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வழியும் சேர்க்கப்பட்டது. ரேகை விழவில்லை என்று ஓயாமல் சொன்ன முதியவர்களுக்கு இதில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

பிறரைச் சொல்லுமுன் நம் சங்கங்களின் தாள்களையும் பார்க்க வேண்டும். தன் பதிவேட்டில் உள்ள அங்கத்தினர் எண்ணையும் பங்குத் தொகையையும் தன் படிவத்திலேயே மீண்டும் எழுதச் சொல்லுகிற சங்கங்கள் பல. மூன்று பிரதி எதற்கு என்று கேட்டால், முன்பிருந்த செயலாளர் காலத்து வழக்கம் என்பர். இவற்றைக் குறைக்க எந்த அரசாணையும் வேண்டா. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

செய்யத்தக்கது பெரிய காரியம் அன்று. சங்கத்தில் ஒரு தனி ஏடு வைத்து, உதவி கோரிய ஒவ்வோர் அங்கத்தினர் குடும்பத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: எந்தத் திட்டம், எத்தனை முறை எந்தெந்த அலுவலகம் போனார், எத்தனை நாள் தறி நின்றது, கைச்செலவு எவ்வளவு, திரும்பியிருந்தால் எந்தக் கட்டத்தால் திரும்பியது, பணம் வந்த தேதி யாது. விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் எழுத்தரே இதனையும் எழுதலாம். ஐந்து நிமிடத்துக்கு மேற்படாது. (இதுவும் ஒரு படிவந்தானே என்று நகைப்போர் நகைக்கட்டும். இதனை அங்கத்தினர் நிரப்ப வேண்டியதில்லை.) ஓராண்டு முடிந்ததும் அக்கணக்கைப் பொதுப் பேரவையில் வாசித்துத் தீர்மானமாக்கி, எந்தக் கேள்வியை நீக்கலாம், எந்தச் சான்றைச் சங்கமே நேரில் அனுப்பலாம் என்று குறிப்பிட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். ‘மிகுந்த சிரமம்’ என்று எழுதினால் கோப்பில் உறங்கும். இத்தனை குடும்பம், இத்தனை நாள், இத்தனை ரூபாய் என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டிய அதிகாரி ஒருவர் இருப்பார்.

ஆங்கிலத்தில் எழுத ஆளில்லையே என்று தயங்க வேண்டா. குறை நீக்கம் கோரும் முறையீட்டை மத்திய அரசாங்க அதிகாரிக்கோ மாநில அதிகாரிக்கோ, அங்கு வழங்கும் எந்த மொழியிலும் அனுப்பலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு உரிமை அளித்துள்ளது. தமிழிலேயே எழுதுக. ஒரு பிரதியை மாவட்டக் கைத்தறித் துறை அலுவலகத்துக்கும், உழவர் சங்கமாயின் இணைப்பதிவாளருக்கும், மற்றொன்றைப் படிவத்தை வெளியிட்ட அலுவலகத்துக்கும் அஞ்சலில் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை அந்த ஏட்டிலேயே ஒட்டி வைத்துக்கொள்க.