கொட்டு கற்கும் பிள்ளைகள்

நம் சங்கத்தின் ஆண்டு விழாப் போட்டிகளுக்கான பட்டியல் வந்திருக்கிறது. பேச்சு, கட்டுரை, திருக்குறள் ஒப்புவித்தல், பாட்டு, பரதம், கோலம் என எல்லாம் வழக்கம்போல இருக்கின்றன. தாள வாத்தியத்திற்கு மட்டும் இடமில்லை. செயற்குழு அன்பர் ஒருவரிடம் கேட்டேன். "அதுக்கெல்லாம் யார் சார் வரப் போறாங்க?" என்றார். வருவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டர்சன்பேட்டையில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மட்டும் நாலு பேர் டிரம்ஸ் பழகுகிறார்கள். அவர்கள் கற்பதற்கு நாம் எந்த விதத்திலும் உதவவில்லை என்பதே என் மனக்குறை.

தங்கவயலுக்கு டிரம்ஸ் புதிதல்ல. வெள்ளைக்கார அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இருந்த நாளில் நடன விருந்துகளுக்கு பாண்டு வாசித்தார்கள். இன்று எங்கள் ஊர்ப் பையன் டிரம்ஸ் செட்டை முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் சபையில்தான். எதிர் வீட்டுப் பையனும் அப்படித்தான் தொடங்கினான். பதினைந்து வயது. இப்போது செல்போனில் ஜாஸ் வாத்தியக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான். வலக்கை சிம்பலில் ஒரு கணக்கு, இடக்கை ஸ்னேரில் இன்னொன்று, இரண்டு கால்களுக்கும் வேறு வேறு வேலை. ஜாஸில் இந்த நாலும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் காலால் மிதிக்கும் பெடலின் மேல் ஒரு மரியாதை உண்டு. 1909இல் சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் வேகமாக இயங்கும் பெடல் ஒன்றைச் செய்தார்கள். பெரிய டிரம், சின்ன டிரம், சிம்பல் என்று ஆளுக்கொன்றாக அடித்துவந்த வேலை ஒரே ஆளிடம் வந்து சேர இத்தகைய பெடல்களே வழி செய்தன.

பையனின் தாத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. சத்தத்தால் அல்ல. "நாங்க வேணாம்னு தூக்கிப் போட்டதை இவன் கையில எடுக்கிறான் சார்" என்றார். அவர் குடும்பம் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தது. ஊரில் சாவுக்கும் தண்டோராவுக்கும் பறை அடிக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது, கூலி என்று கேட்கவும் முடியாது. அவருடைய அப்பா சுரங்கத்தில் இறங்கிய நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் பறையைத் தொடவில்லை. பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த கூலி ஊரில் கிடைக்காத கௌரவத்தைக் கொடுத்தது. இப்படிப்பட்ட குடும்பங்கள் எங்கள் பகுதியில் ஏராளம். ஆகவே அவர் பேச்சைப் பழைய காலத்து மனுஷர் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை.

ஆனால் அவர்கள் தூக்கிப் போட்டது அடிமை வேலையை. தாளத்தை அல்ல. பையன் ஆசைப்படும் ஜாஸின் வரலாறும் இங்கே வந்து நிற்கிறது. 1739இல் தென் கரோலினாவில் கறுப்பின அடிமைகள் பறை முழக்கிக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அவர்கள் பறை வைத்திருப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் மட்டும் காங்கோ சதுக்கம் என்ற இடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டி ஆட அனுமதி இருந்தது. ஜாஸ் பிறந்தது அந்த ஊரில். அங்கே பறை அடிக்காதே என்றார்கள், இங்கே நீதான் அடிக்க வேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் பின்னால் இருந்த திமிர் ஒன்றுதான்.

இந்தப் பையனைப் போன்றவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் ரமேஷ் ஷோதம். 1948இல் சென்னையில் பிறந்தவர். தம் சகோதரர் சுரேஷுடன் சேர்ந்து ஹ்யூமன் பாண்டேஜ் என்ற ராக் குழுவை நடத்தி, எழுபதுகளில் டிரம்ஸ் வாசித்தார். பேரும் கிடைத்தது. அதோடு நிற்காமல் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷனில் சேர்ந்து தவில் கற்றுக்கொண்டார். டி.ஏ.எஸ். மணி 1964இல் தொடங்கிய பள்ளி அது. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ அந்தப் பள்ளிக் குழுவினரோடு வாசித்த 'ஜோதி' என்ற இசைத்தட்டு 1983இல் ஜெர்மனியில் வெளியாயிற்று. ரமேஷ் ஷோதம் பின்னர் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி, ஐரோப்பிய ஜாஸ் கலைஞர்களுடன் வாசித்து வருகிறார். வெறும் டிரம்ஸ் மட்டும் வாசிப்பவர்கள் ஐரோப்பாவில் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். தவில் தெரிந்த டிரம்ஸ்காரர் எத்தனை பேர்? பெங்களூருக்கு வந்து கற்றதுதான் அவரைத் தனித்துக் காட்டியது என்பது என் எண்ணம்.

ஏன் தவில், ஏன் சொற்கட்டு என்று கேட்கலாம். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து. இவற்றைச் சேர்த்தால் ஏழும் ஒன்பதும். வாயால் சொல்லிப் பழகிய குழந்தைக்குக் கணக்கு விரலுக்கு முன்னால் மனசில் ஏறிவிடும். டேவ் புரூபெக் குழுவினர் 1958இல் இந்தியாவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். மறு ஆண்டு அவர்கள் பதிவு செய்த 'டேக் ஃபைவ்', ஐந்து தட்டில் அமைந்தது என்பதற்காகவே உலகமெல்லாம் வியந்து பேசப்பட்டது. நம் ஊரில் ஐந்தைப் பாடமாகவே வைத்திருக்கிறோம், கண்டம் என்று பெயரிட்டு. தவில்காரர் ஒரு கை விரல்களில் கூடு மாட்டி, மறு கையில் குச்சி பிடிக்கிறார். பறைக்காரரின் அடிக்குச்சி ஒன்று சொல்ல, சுண்டுக்குச்சி வேறொன்று சொல்கிறது. இரண்டு கைகளையும் தனித்தனியாகப் பழக்க இதைவிட நல்ல பாடம் எந்த மேல்நாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது?

(ரயில்வேக்காரனுக்கு இதில் ஒரு சொந்த ஏக்கமும் உண்டு. 13 மீட்டர் தண்டவாளங்களை ஃபிஷ் பிளேட் போட்டு இணைத்திருந்த காலத்தில் வண்டி தாளம் போட்டுக்கொண்டே ஓடும். தட்டுகளை எண்ணி வேகத்தைச் சொல்வோம். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்த பிறகு பிரயாணம் சுகம்தான், தாளம் போயிற்று.)

டிரம்ஸ் செட் வாங்க வசதியில்லை, அக்கம்பக்கம் சண்டைக்கு வருகிறது என்பவர்களுக்கு: பழைய லாரி டியூப் ரப்பரைப் பலகையில் ஒட்டிக் கொடுங்கள். முதல் ஒரு வருஷத்துக்குக் கைப்பழக்கத்துக்கு அது போதும். எதிர் வீட்டுப் பையனுக்கு நான் செய்து கொடுத்தது அதுதான்.

சோறு போடுமா என்ற கேள்வி பெற்றோருக்கு வரத்தான் செய்யும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பின், விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்ப் பிழைக்கும் ஊர் இது. எல்லாப் பையனும் சிவமணி ஆகிவிட முடியாது. அவருக்கோ தந்தையே டிரம்ஸ் கலைஞர், வீடே பள்ளிக்கூடம். படிப்பை விட்டுவிட்டுக் கொட்டச் சொல்லவில்லை நான். ஆனால் தாத்தாவிடம் இதைச் சொன்னேன்: சிவமணிக்கு 2019இல் பத்மஸ்ரீ கொடுத்த அதே அரசு, 2025இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கொடுத்திருக்கிறது. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கூப்பிட்டுக் குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. போட்டிப் பட்டியலில் தாளத்துக்கு ஒரு வரி சேருங்கள். டிரம்ஸ், மிருதங்கம், தவில், பறை எதுவானாலும் சரி. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொற்கட்டு வகுப்புக்கு மண்டபத்தைக் கொடுங்கள். விழாவுக்கு ஒரு பறை ஆசானை அழைத்தால், ஊர்வலத்தில் முன்னால் நடக்கவிட்டு வாசலோடு அனுப்பாமல், மேடையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவருக்குப் பேசிய தொகையை விழா முடியும்வரை காக்க வைக்காமல் வந்தவுடனே கவரில் கொடுத்துவிடுங்கள். முதல் வகுப்புக்கு ரப்பர் பலகைகள் பத்து என் செலவில் தயாராக இருக்கும்.