பொங்கல் சந்தைக்கு முன்கூட்டியே போங்க, அளவா வாங்குங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாப் படிங்க, படிச்சுட்டுத் திட்டணும்னா திட்டுங்க.

போன வியாழக்கிழமை வேலை முடிஞ்சதும் நேரா கேம்பல் லேனுக்குப் போனேன். இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் பக்கத்துல பொங்கல் கடைகள் வந்தாச்சு. மண்பானை அடுக்கு, சுவரோரம் சாய்ச்சு வச்ச கரும்புக் கட்டு, ஈரச் சாக்கு போர்த்தின மஞ்சள் கொத்து. கோயில் பொங்கலுக்கு வாங்க வேண்டிய பட்டியல் என் கையில. வார நாள் சாயங்காலம்ங்கிறதால கூட்டமே இல்லை.

எனக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருத்தர் இருக்கார், அறுபது வயசு இருக்கும். "என்னண்ணே, வியாபாரம் எப்படி?" என்று கேட்டேன்.

"தம்பி, இன்னிக்கு வந்ததால உங்களோட நின்னு பேசுறேன். பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி வந்தா உங்க முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. மொத்த ஊரும் அன்னிக்குத்தான் வரும். அதை நம்பி லோடு சொல்லணும். மழை பிடிச்சா போச்சு. பொங்கலன்னிக்கு மதியம் வரைக்கும்தான் இது கரும்பு. அதுக்கப்புறம் குப்பை. அந்தக் குப்பையை அள்ளவும் நான்தான் காசு கொடுக்கணும்."

தை மாதம் இங்கே மழைக்காலத்தின் வால். அவர் பயம் நியாயமானதுதான். அவர் இன்னொன்றும் சொன்னார். முதல் வாரம் எவ்வளவு போகுதுன்னு பார்த்துத்தான் அடுத்த லாரிக்கு எவ்வளவு கரும்பு வேணும்னு மலேசியாவுக்குச் சொல்லுவாராம். முதல் வாரம் யாரும் வராவிட்டால் குத்துமதிப்புதான்.

இப்போ கோயில் பக்கம் வாங்க. போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள், நானும் இன்னும் ரெண்டு தொண்டூழியர்களும் பிரகாரத்தைச் சுத்தம் பண்ணினோம். பதினோரு கறுப்புப் பை நிறைந்தது. உள்ளே என்ன தெரியுமா? வெட்டாத கரும்பு. கட்டுப் பிரிக்காத மஞ்சள் கொத்து. பிளாஸ்டிக் பையை விட்டே வெளியே வராத வாழைப்பழச் சீப்பு. எல்லாம் நீங்களும் நானும் காசு கொடுத்து வாங்கி, கும்பிட்டு, சாமி முன்னாடி வச்சுட்டுப் போனது. மஞ்சள் வாசனை ரெண்டு நாள் என் கையை விட்டுப் போகவில்லை.

சந்தையில விற்காம வீணாகுது. கோயில்ல வித்த பிறகு வீணாகுது. காரணம் ஒண்ணுதான்: கடைசி நேரத்துல, அளவு பார்க்காம, அவசரத்துல வாங்குறோம்.

"சாமிக்குச் செய்யறதுல கணக்குப் பார்க்கலாமா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். ஐயா, சாமிக்குக் கணக்கே வேண்டாம். ஆனா அந்தப் பதினோரு பை சாமிக்குப் போகல, குப்பை லாரிக்குப் போச்சு. படைச்சதை நாலு பேர் சாப்பிட்டால்தான் அது பிரசாதம். பொங்கல் வேற எதுக்கும் இல்ல, நன்றி சொல்ற பண்டிகை. சூரியனுக்கு, மாட்டுக்கு, மண்ணுக்கு, உழுதவருக்கு. அவர் வியர்வையைக் குப்பையில போட்டுட்டு அவருக்கே நன்றி சொல்றது எப்படிச் சேரும்?

நமக்கு இங்கே வயல் இல்லை. சிங்கப்பூர் சாப்பிடுவதில் 90 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2020 மார்ச்சில் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாடு அறிவித்த ராத்திரி, பேரங்காடிகளில் எவ்வளவு நீள வரிசை நின்றது என்று ஞாபகம் இருக்கா? நம்ம தட்டுக்குப் பின்னாடி யாரோ ஒரு விவசாயி இருக்கார் என்று அன்னிக்குத்தான் பல பேருக்கு உறைச்சது.

ஆனா இந்த மண்ணுக்கு மாடு புதுசு இல்லை. காண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். தேக்காவுக்குப் பக்கத்துல பஃபலோ ரோடு இருக்கு. வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துல இருக்கிற பெலிலியோஸ் ரோடு ஒரு மாட்டு வியாபாரியின் பெயர். 1915இல் கட்டிய பழைய சந்தை 1982இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது, 2000இல் தேக்கா நிலையம் என்ற பெயர் வந்தது. மாடு போச்சு, தொழுவம் போச்சு. அறுவடை என்றால் என்னன்னு நம்ம பிள்ளைங்களுக்குக் காட்ட மிச்சம் இருக்கிறது, வருஷத்துல கொஞ்ச நாள் வர்ற இந்தச் சந்தைதான். நாம வாங்காவிட்டால் அதுவும் ஒருநாள் வராமல் போகும்.

"பேரங்காடியில விலை குறைவு, பொங்கல் இங்கே பொது விடுமுறையும் இல்லை, வார நாள்ல யாருக்கு நேரம்?" என்று கேட்பீங்க. நியாயம்தான். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க எங்கே முடியுதோ அங்கே வாங்குங்க. முடிஞ்சவங்களுக்குத்தான் இந்த வேண்டுகோள். ஒரு மணி நேரம் போதும். ரெண்டு வெள்ளிக்காக ரொம்பப் பேரம் பேசாதீங்க. பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. மஞ்சள் மண்ணுக்கு அடியில விளையுதுன்னு அவங்க கண்ணால பார்க்கட்டும்.

என் அனுபவத்துல சில விஷயங்கள்:

மண்பானையையும் கரும்பையும் முதல் வாரமே வாங்கிடலாம். கரும்பு சில நாள் தாங்கும். புதுப் பானையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வச்சு, அரிசி கழுவின தண்ணீரைக் கொதிக்க விட்டுப் பழக்கணும். முதல் நாள் வாங்கி மறுநாள் அடுப்புல ஏத்தினா விரிசல் விடலாம். இன்டக்‌ஷன் அடுப்புல மண்பானை சூடாகாது, கேஸ் அடுப்பு வேணும்.

மஞ்சள் கொத்து, பூ, வாழையிலை மட்டும் பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாங்குங்க. மஞ்சளை வேர் தண்ணீரில் படுற மாதிரி நிறுத்தி வைங்க.

பண்டிகை முடிஞ்சதும் மஞ்சளைத் தூக்கிப் போடாதீங்க. கிழங்கு சமையலுக்கு ஆகும். இலையைப் பக்கத்து வீட்டு மலாய் அக்காவிடம் கொடுத்துப் பாருங்க, ரெண்டாங் சமைக்க அதை அவங்க காசு கொடுத்து வாங்குறாங்க. ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து வச்சு, வைகாசி வாக்கில் தொட்டியில நட்டா அடுத்த தைக்கு உங்க வீட்டு மஞ்சளே வந்துடும். வீவக தாழ்வாரத்துல வச்சா நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்க.

கோயிலுக்குக் கொண்டு வர்றவங்க ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டுக் கரும்பு, ஒரு சீப்புப் பழம் கொண்டு வந்தா போதும். பையிலிருந்து எடுத்து எங்க கையில கொடுங்க. இந்த வருஷம் படைச்ச கரும்பை அன்னிக்கே வெட்டி எல்லாருக்கும் கொடுக்கலாம்னு பேசியிருக்கோம். கத்தி பிடிக்கத் தெரிஞ்சவங்க காலையில வாங்க, கை குறையுது.

நான் அடுத்த செவ்வாய் சாயங்காலமும் கேம்பல் லேன்ல இருப்பேன். பார்த்தா ஒரு வணக்கம் சொல்லுங்க. கரும்பு தூக்கவும் ஆள் வேணும்.

பொங்கலோ பொங்கல்!