காவல் நாய்க்குப் பிறப்புறுப்பில் கட்டியா? கைவிட வேண்டாம், குணப்படுத்தலாம்

குரங்கணி, கொட்டக்குடி பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நாயின் அருமை தெரியும். காட்டுப்பன்றி இறங்கினாலும், இரவில் வேற்றாள் வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். அந்த நாய் பின்புறம் ரத்தம் சொட்டத் திரிந்தால், முள் கிழித்த புண் என்றோ, பருவத்துக்கு வந்திருக்கிறது என்றோ விட்டுவிடுகிறோம். சில மாதங்களில் காலிபிளவர் போல சதை வெளியே தள்ளி, ஈ மொய்த்துப் புழு வைத்ததும், 'இனிப் பிழைக்காது' என்று கைவிடுகிறோம். பெரும்பாலும் இது தவறான முடிவு.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம், பிடிக்கும் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் கண்ட, மூர்க்கமான நாய்களுக்கு மட்டும் இது பொருந்தாது. நவம்பர் 7-ல், பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களில் உள்ள நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது. நாய்க்கடியும் வெறிநோயும் பேசப்படும் அளவுக்கு, பிடிபடும் நாய்களின் மற்ற நோய்கள் பேசப்படுவதில்லை.

2023-ம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், குணப்படுத்தவே முடியாத நோயுள்ள நாய்களைக் கருணைக்கொலை செய்ய இடம் தருகின்றன. அழுகிய கட்டியோடு வரும் நாயைப் பார்த்தவுடன் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. குணமாகும் நோயை அறிந்து ஒதுக்குவதே முதல் வேலை.

பதியன் போல் பரவும் புற்றுநோய்

நாய்களின் பிறப்புறுப்பில் அடிக்கடி காணப்படும் கட்டி, இனச்சேர்க்கையால் தொற்றும் ஒருவகைப் புற்றுநோய். இதைப் பரப்புவது வைரஸோ பாக்டீரியாவோ அல்ல. ஒரு நாயின் கட்டியிலிருந்து உதிரும் உயிருள்ள செல்களே அடுத்த நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. கட்டே நோய் கண்ட ஏலத்தூரிலிருந்து பக்கக்கன்று எடுத்து நட்டால் புதுத் தோட்டத்துக்கும் நோய் போகிறது அல்லவா? இங்கே நோயே கன்றாகப் போய் வேர் பிடிக்கிறது. நக்குவதாலும் மோப்பம் பிடிப்பதாலும் மூக்கு, வாய்க்கும் தொற்றும். மனிதருக்கும் ஆடு மாடுகளுக்கும் பரவாது.

இந்தியா உட்பட 43 நாடுகளின் கட்டி மாதிரிகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, இது 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் ஒரே நாயிடம் தோன்றியது எனக் கணித்தது. நாய்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தபின் பிரிட்டனில் இந்நோய் மறைந்தே போனது. நம் ஊரிலும் கருத்தடை முறையாக நடந்தால் பரவல் குறையும்.

எப்படிக் கண்டறிவது?

பெட்டை பருவத்துக்கு வரும்போது ரத்தம் வடிவது இயல்பு. மூன்று வாரம் கடந்தும் வடிந்தால் சந்தேகிக்க வேண்டும். கடுவனுக்கு ரத்தம் சொட்டினாலே பரிசோதனை அவசியம். அதற்குக் கட்டி வெளியே தெரியாது. உறையைப் பின்னுக்குத் தள்ளினால்தான் தெரியும். சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்து நாள் கடத்துவது இதனால்தான்.

மருத்துவர் கண்ணாடி ஸ்லைடைக் கட்டியின் மேல் ஒற்றி எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார். உள்ளே தெளிவான சிறு குமிழிகள் கொண்ட வட்டச் செல்கள் நிறைந்திருந்தால் இந்தக் கட்டிதான். கருத்தடை செய்யாத வயதான பெட்டைகளுக்கு யோனியில் சாதாரணத் தசைக்கட்டியும் வரும். பருவத்தின்போது வீங்கிய சதை பிதுங்குவதும் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கத்தி எடுக்கும் முன் ஸ்லைடு பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

ஊசியா, அறுவையா?

தொற்றும் கட்டியை வெட்டி மட்டும் எடுத்தால், மிஞ்சிய செல்களிலிருந்து மீண்டும் வளர வாய்ப்பு அதிகம். வின்கிரிஸ்டின் மருந்தை வாரம் ஒருமுறை ரத்தக்குழாயில் செலுத்துவதே முதல் சிகிச்சை. பெரும்பாலும் 4 முதல் 6 ஊசிகளில் குணமாகும். ஒன்றிரண்டு ஊசியிலேயே ரத்தம் நின்றுவிடும். அத்துடன் நிறுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. கட்டி முழுவதும் கரைந்துவிட்டதை மருத்துவர் உறுதி செய்யும் வரை தொடர வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது நல்லது.

இந்த மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும். மருந்துக்கடையில் வாங்கி நீங்களே போடக் கூடாது. ஊசி போட்ட சில நாட்களுக்கு நாயின் சிறுநீர், மலத்தைக் கையுறையோடு அகற்றுங்கள். கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.

அறுவை தேவைப்படும் இடங்களும் உண்டு. சாதாரணத் தசைக்கட்டி என்றால் அறுவையே தீர்வு. அப்போதே கருப்பை, சினைப்பைகளையும் எடுத்துவிடலாம். ஊசிக்குக் கரையாத கட்டி, சிறுநீர்ப் பாதையை அடைக்கும் கட்டி ஆகியவற்றுக்கும் அறுவை உதவும். சிறுநீர்த்துளை அருகிலேயே இருப்பதால், அதில் குழாய் செருகி அடையாளம் வைத்துக்கொண்டே வெட்டுவார்கள். தையல் ஆறும் வரை நாய் நக்காதபடி கழுத்துப்பட்டை அவசியம்.

செய்ய வேண்டியது

கருத்தடைக்காகப் பிடிபடும் நாய் சில நாட்களில் திரும்பிவிடும். ஊசிக்கோ பல வாரங்கள் வேண்டும். இந்த இடைவெளியைத் திட்டத்தில் நிரப்ப வேண்டும். முகாமில் ஒவ்வொரு நாயின் பிறப்புறுப்பையும் பார்த்து, கட்டியுள்ளவற்றைத் தனியே அடைக்க வேண்டும். சேர்த்து அடைத்தால் காப்பகமே நோய் பரப்பும் இடமாகிவிடும். விட்ட பிறகு மீதி ஊசிக்கு யார் பொறுப்பு என்பதை ஊராட்சி எழுதி வைக்க வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் கிராம சபையில் இதை எழுப்பலாம்.

தோட்டக்காரர்களே, குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் நாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். ரத்தக் கசிவு கண்டால் காத்திருக்காமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். மலையிலிருந்து வாரம் ஒருமுறை போடிக்கு இறங்குவது சிரமம்தான். சந்தை நாளிலேயே ஊசியையும் வைத்துக்கொண்டால் ஒரு நடை மிச்சமாகும்.