டயலுக்குக் காசு, வாங்குபவருக்கு நாமம்

பேராவூரணி பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்குச் சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம் என்று ஒரு வரிசை உண்டு. சங்கிலியும் மோதிரமும் வாங்கும்போது ஹால்மார்க் பார்க்காமல், எடை போடாமல், சேதாரத்துக்குச் சண்டை போடாமல் யாரும் கடையை விட்டு இறங்க மாட்டார்கள். வாட்ச் என்று வந்தால் மட்டும் டயலில் என்ன பெயர் இருக்கிறது, பளபளக்கிறதா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். உள்ளே ஓடும் மெஷின் எது, பழுதானால் யார் திறப்பார் என்று ஒரு கேள்வி கூடக் கிடையாது.

செல் போடும் வாட்சுக்கு இந்த அலட்சியம் பெரிய நஷ்டமில்லை. கெட்டுப் போனால் உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டு விடலாம். ஆனால் இப்போது இளைஞர்களுக்கு மறுபடியும் சாவி கொடுக்கும் வாட்ச் மீதும் ஆட்டோமேட்டிக் மீதும் ஆசை வந்திருக்கிறது. ஆசை தவறில்லை. முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய், எதை வாங்குகிறோம் என்று தெரியாமலே கொட்டுவதுதான் தவறு.

எதற்காக மெக்கானிக்கல்?

முதலில் ஒரு பொய்யை ஓரமாக வைத்துவிடலாம். மெக்கானிக்கல் வாட்ச் துல்லியமானது என்பது பொய். 1969 டிசம்பரில் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்த அன்றே அந்தப் போட்டி முடிந்து விட்டது. குவார்ட்ஸ் கல் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பழைய எச்எம்டி ஜனதாவின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை அடிக்கிறது. மலிவான செல் வாட்ச் மாதத்துக்குச் சில நொடிகள் தவறும். மலிவு விலை ஆட்டோமேட்டிக் ஒரு நாளிலேயே அதைவிட அதிகம் தவறும்.

அப்படியானால் எதற்கு வாங்க வேண்டும்? ஒரே ஒரு நியாயம்தான். திறந்து, கழுவி, எண்ணெய் போட்டு, தேய்ந்த சக்கரத்தை மாற்றி, முப்பது நாற்பது வருஷம் ஓட்டலாம். பழுது பார்க்க முடியும் என்பதுதான் மெக்கானிக்கல் வாட்சின் உயிர். பழுது பார்க்க முடியாத மெக்கானிக்கல் வாட்சை வாங்குகிறவர் துல்லியத்தையும் இழக்கிறார், ஆயுளையும் இழக்கிறார். அவருக்கு மிஞ்சுவது டயல் மட்டுமே!

கடைமடைக்குத் தெரிந்த பாடம்

வாட்சின் உள்விவகாரம் டெல்டாக்காரர்களுக்குப் புரியாத விஷயமே இல்லை. உருட்டி வைத்த மெயின் ஸ்பிரிங்தான் மேட்டூர் அணை. பல் சக்கரங்கள் வாய்க்கால்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடும் எஸ்கேப்மென்ட் மதகு. கடைசியில் ஆடும் பேலன்ஸ் சக்கரம் கடைமடை வயல். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் பேராவூரணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்பது கணக்கில்லை, வயலுக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் கணக்கு.

வாட்சுக்குள் எண்ணெய் காய்ந்தால், தூசி சேர்ந்தால், ஸ்பிரிங் முழுசாக இருந்தும் விசை கடைசிச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. வாட்ச் மெதுவாக ஓடும், பிறகு நிற்கும். சர்வீஸ் என்பது தூர் வாருவது. தூர் வாராத வாய்க்காலை நம்பி நாற்று விடாத விவசாயி, சர்வீஸ் செய்ய ஆளில்லாத வாட்சை நம்பிப் பணம் போடுவது என்ன நியாயம்?

பழைய எச்எம்டி என்னும் மாயை

குறைந்த காசில் நல்ல மெக்கானிக்கல் எது என்று கேட்டால் உடனே வரும் பதில், "பழைய எச்எம்டி வாங்கு, நம்ம நாட்டு சரக்கு". பாதி உண்மை. 1961ல் பெங்களூரில், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுடன் எச்எம்டி வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா என்று அது செய்த வாட்சுகள் ஒரு தலைமுறையின் கையில் இருந்தன. ஜனதாவின் 17 கல் மெஷின் எளிமையானது, முரடானது, ஊர் ரிப்பேர்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கக் கூடியது. ஏழை வீட்டுக்கும் எட்டும் விலையில் ஒரு நல்ல இயந்திரத்தைக் கொடுத்தது பொதுத்துறை. அதை மறுப்பது நன்றி கெட்டத்தனம்.

பிறகு டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் குவார்ட்ஸ் வாட்சுகளைச் செய்து சந்தையைப் பிடித்தது. எச்எம்டி தேங்கியது. 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் பிறகும் தாய் நிறுவனம் அந்தப் பெயரில் கொஞ்சம் வாட்சுகளை விற்று வந்தது என்றாலும், பழைய பெருந்தொழிற்சாலைகளின் காலம் முடிந்தது.

மூடிய பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது! இணையத்தில் "புத்தம் புது நிலையில் 1970 மாடல்" என்று குவிந்து கிடப்பவற்றில் பெரும் பகுதியைச் சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று கேலி செய்கிறார்கள். நாலைந்து செத்த வாட்சுகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி, டயலுக்கு ஆரஞ்சும் பச்சையும் பெயின்ட் அடித்து, மேலே எச்எம்டி என்றோ சீக்கோ என்றோ ஃபாவ்ரே லூபா என்றோ அச்சடித்து விடுகிறார்கள். ஐம்பது வருஷப் பழைய வாட்சின் முகம் நேற்றுப் பூசிய சுவர் மாதிரி இருந்தால் சந்தேகப்பட வேண்டாமா? எழுத்து மசமசவென்று இருக்கிறதா, பின்மூடியைத் திறந்து மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் விற்பவர் நழுவுகிறாரா, அங்கேயே வியாபாரத்தை முடித்துக் கொள்வது நல்லது. தேசபக்தியின் பெயரால் பெயின்டை வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வீட்டுப் பெட்டியில் அப்பாவின் ஜனதா கிடந்தால் அது வேறு கதை. அதை முதலில் சர்வீசுக்குக் கொடுங்கள். அதைவிட மலிவான நல்ல வாட்ச் உலகத்தில் இல்லை. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கத்துச் சபுராளிகள் வளைகுடாவிலிருந்து கொண்டு வந்த சீக்கோ 5க்கும் இதுவே பொருந்தும்.

கல் எண்ணிக்கையும் சுவிஸ் மயக்கமும்

அடுத்த ஏமாற்று, பெயர் தெரியாத புது ஆட்டோமேட்டிக். டயலில் ஓட்டை போட்டு உள்ளே சக்கரம் ஆடுவதைக் காட்டுவார்கள். மெஷின் எது என்று கேட்டால் "இம்போர்ட்டட்" என்பார்கள். இம்போர்ட்டட் என்பது ஒரு மெஷினின் பெயரா?

கல் அதிகமென்றால் தரம் அதிகம் என்பதும் வெறும் நம்பிக்கை. அந்தக் கற்கள் செயற்கை மாணிக்கம். சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழல்வதற்கான தாங்கிகள், நகை அல்ல. சாவி கொடுக்கும் சாதாரண வாட்சுக்கு 17 போதும். ஆட்டோமேட்டிக்குக்கு இருபதை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் எண்ணிக்கையைக் காட்டி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகரலாம்.

சுவிஸ் முத்திரை? 2017 முதல் அமலில் உள்ள விதிப்படி, தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருந்தால் அந்த முத்திரை குத்தலாம். குறைந்த பட்ஜெட்டில் அந்த முத்திரைக்கே பாதிப் பணம் போய்விட்டால் மெஷினுக்கு என்ன மிஞ்சும்?

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. மெஷினின் பெயரும் எண்ணும். சீக்கோவின் என்எச்35, சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8200 வரிசை போன்றவை பல நிறுவனங்களின் வாட்சுகளில் ஓடுகின்றன. உதிரி பாகமும் கிடைக்கும், தெரிந்த கைகளும் கிடைக்கும். ஓரியன்ட் சொந்தமாக மெஷின் செய்கிறது, அதுவும் நம்பகமானது.

2. எவ்வளவு தவறும்? மேற்சொன்ன இரண்டு மெஷின்களுக்கும் தயாரிப்பாளர்களே சொல்லும் வரம்பு நாளுக்கு 20 நொடி பின்தங்கலிலிருந்து 40 நொடி முந்தல் வரை. ஒரு நாளுக்கு 86,400 நொடி. 20 நொடி தவறினால் அது ஆயிரத்தில் கால் பங்கு கூட இல்லை. இதை ஏற்க முடியாதவர் செல் வாட்ச் வாங்குவதே நல்லது, அதில் கேவலம் ஒன்றுமில்லை.

3. தண்ணீர். வயல் சேறும் வியர்வையும் கடல் காற்றும் உள்ள ஊரில் இது முக்கியம். 3 பார் என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். வாய்க்காலில் குதிக்க 10 பார் வேண்டும். தோல் வார் சீக்கிரம் நாறிப் போகும், ஸ்டீல் செயினோ நைலான் வாரோ போதும்.

4. சோதனை. வாங்கியதும் முழுக்கச் சாவி கொடுத்து, டயல் மேலே இருக்கும்படி ஒரு நாள், சாவி கீழே இருக்கும்படி ஒரு நாள் வைத்து, செல்போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு நாளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்குத்தான் பில் வாங்க வேண்டும்.

சர்வீஸ் கூலியில் கஞ்சத்தனம்

குற்றம் விற்பவர்களிடம் மட்டும் இல்லை. கண்ணில் லென்ஸைச் சொருகிக் கொண்டு, முடி போன்ற ஸ்பிரிங்கை நேராக்கும் மனிதர் கேட்கும் கூலியைக் கேட்டு "புது வாட்சே வாங்கிடலாமே" என்று பேரம் பேசுகிறவர்களும் குற்றவாளிகள்தான். இப்படிப் பேசிப் பேசித்தான் சிறு ஊர்களில் வாட்ச் ரிப்பேர் கடைகள் செல்போன் கவர் விற்கும் கடைகளாக மாறின. அரசும் தன் பங்குக்கு ஒதுங்கிக் கொண்டது. மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக 2022ல் ஒரு குழு அமைத்தபோது விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறையைச் சொன்னது. அதில் கடிகாரம் இல்லை.

ஆடி மாத மொய் விருந்தில் ஐம்பது ரூபாயைக் கூட நோட்டில் வரவு வைக்கும் பகுதி இது. அந்தக் கணக்குப் புத்தியை வாட்சிலும் காட்டினால் போதும். கையில் இருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை சர்வீசுக்கென்று எடுத்து வைத்துவிட்டு மீதியில் வாங்குங்கள். வாங்கும் முன்பே பேராவூரணியிலோ பட்டுக்கோட்டையிலோ உள்ள ரிப்பேர்காரரிடம் போய், "இந்த மெஷினைத் திறப்பீர்களா?" என்று கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால், டயலில் எந்த ஊர்ப் பெயர் எழுதியிருந்தாலும் அந்த வாட்ச் வேண்டாம்.