தடுப்பூசிக்கு நாடு உண்டா?

2021 மே மாத இறுதியில் 50,000 சினோபார்ம் தடுப்பூசிகள் யாழ்ப்பாணம் வந்தன. அவற்றுக்கு முன்னரே வதந்தி வந்துவிட்டது. ‘சீனத்து ஊசி வேண்டாம்’ என்றனர் சிலர். ‘இந்திய ஊசியென்றால் போடுவோம்’ என்றனர் வேறு சிலர். ‘முதலில் மற்றவர்கள் போடட்டும், பார்ப்போம்’ என்றனர் படித்தவர்கள். இம்மூன்றாவது பேச்சே எம்மை அதிகம் நோகச் செய்தது. யார் இந்த ‘மற்றவர்கள்’? சந்தையில் மீன் விற்பவரும், பஸ் நடத்துநரும், ஆஸ்பத்திரி கூட்டுபவரும் அல்லவா? 1796 இல் ஜென்னர் தம் அம்மைப்பாலை முதலிற் பரீட்சித்தது தோட்டக்காரர் ஒருவரின் எட்டு வயது மகன்மீதே. ஏழையின் உடலைப் பரிசோதனைக் கூடமாகக் கருதும் அந்த மனோபாவம் எமது படித்த வர்க்கத்தை இன்னும் விட்டகலவில்லை.

ஊசிக்கு நாடு பார்ப்போருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். 1962 இல் இளம்பிள்ளை வாதம் இலங்கையைத் தாக்கியது. 1,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். அவ்வாண்டே சொட்டு மருந்து இங்கு அறிமுகமாயிற்று. அன்று அதுவும் புதிய மருந்துதான். அதனை ஆக்கியவர் அமெரிக்காவின் அல்பேர்ட் சேபின். கோடிக்கணக்கான மக்களுக்கு வழங்கி அதன் பயனை நிறுவியவர் சோவியத் விஞ்ஞானி மிகயில் சுமக்கோவ். பனிப்போரின் உச்சத்திலே இரு முகாம்களின் அறிவு கைகோத்தது. சேபின் அதற்குக் காப்புரிமையும் கோரவில்லை. 1993 க்குப் பின்னர் இலங்கையில் எந்தப் பிள்ளையையும் அந்நோய் முடமாக்கவில்லை.

‘முதலாளி செய்த மருந்து, ஆகவே வேண்டாம்’ என்னும் தோழர்களும் உளர். அரிசியையும் முதலாளியே விற்கிறான். அதற்காகப் பட்டினி கிடப்பதா? கொவிட் மருந்துகளின் காப்புரிமையைத் தளர்த்துமாறு இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக அமைப்பிடம் கோரின. 2022 ஜூனில் கிடைத்ததோ மிகக் குறுகிய சலுகை. நாம் போராட வேண்டிய களம் அது. ஊசி ஏற்றும் நிலையத்தின் வாசல் அன்று.

ஆயின், வாய் திறவாது கையை நீட்டுக என்பதும் எமது கட்சி அன்று. பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. முன்னர் டெங்கு காணாத பிள்ளைக்குப் பின்னர் நோய் கடுமையாகலாம் என்பதைத் தயாரித்த கம்பனி 2017 இறுதியிலேயே அறிவித்தது. மக்களின் நம்பிக்கை சிதைந்தது. வேறு ஊசிகளையும் பெற்றோர் மறுத்தனர். 2019 இல் அங்கு சின்னமுத்துப் பெருகியமைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. உண்மையை மறைப்பவனே வதந்திக்கு வித்திடுகிறான்.

மாரிதோறும் டெங்கு எமது குடாநாட்டை வாட்டுகிறது. வேறொரு புதிய டெங்குத் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2024 இல் முன்தகுதி வழங்கியுள்ளது. நாளை அது எமது பாடசாலை வாசலுக்கு வரலாம். அப்போது ‘எந்த நாட்டு ஊசி?’ என்று கேளாதிருப்போம். எத்தனை பேரிற் பரீட்சிக்கப்பட்டது? எந்த வயதினரில்? முன்னர் டெங்கு வராதவருக்கு விளைவு யாது? தீங்கு நேரின் பொறுப்பு யாருடையது? இவற்றுக்குத் தெளிந்த தமிழில் விடை கேட்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார். ஆகவே தமிழில் இயலாது என்ற சாட்டு எவருக்கும் இல்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! விடை கிடைத்ததும் அதனை ஒவ்வொரு குடிசைக்கும் எடுத்துச் செல்வது உங்கள் கடன். விடை சரியெனக் கண்டால், ‘மற்றவர்களுக்கு’ முன்னே வரிசையில் நில்லுங்கள்.