ஓப்பீர் எங்கள் ஊர் இல்லை

எங்கள் பக்கத்தில் வரலாற்றுக் கூட்டம் என்று எது நடந்தாலும் யாராவது ஒரு அண்ணாச்சி எழுந்து, உவரிதான் ஓப்பீர் என்று சொல்லிவிடுவார். சாலொமோன் அரசனின் கப்பல்கள் போய் 420 தாலந்து பொன் கொண்டுவந்ததாக விவிலியம் சொல்லும் அதே ஓப்பீர். ஆதாரம் கேட்டால் ஊர்ப்பெயரின் ஒலியைக் காட்டுவார். எபிரேயத்தில் மயிலைக் குறிக்கும் ‘துகி’ நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று கால்டுவெல் எழுதியதைக் காட்டுவார். அரங்கம் கைதட்டும். நான் தூத்துக்குடியில் பிறந்தவள். நான் கைதட்டுவதில்லை.

ஒரு சொல் கப்பலேறிப் போனதாலேயே பொன்னும் இங்கிருந்துதான் போனது என்று ஆகிவிடாது. ஆனால் என் சண்டை அதைப் பற்றியது அல்ல. ஓப்பீர் உவரியில் இருந்தால் என்ன, அரேபியாவில் இருந்தால் என்ன? ஓப்பீர் என்று அழைக்கப்படுவதில் நமக்கு என்ன பெருமை? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் போன இடங்களில் என்ன செய்தார்கள் என்பதை ஒருமுறை பாருங்கள்.

கொலம்பஸ் இஸ்பானியோலாத் தீவில் இறங்கி, இதுதான் ஓப்பீர் என்றார். அவர் கண்ட அந்தப் பூர்வகுடிகள் இரண்டு தலைமுறைக்குள் ஏறக்குறைய அழிந்தார்கள். 1568இல் மெந்தான்யாவின் கப்பல்கள் பசிபிக் தீவுகளைத் தொட்டன. அங்கே ஓப்பீரின் பொன் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தீவுகளுக்கு இன்றுவரை சாலமன் தீவுகள் என்றே பெயர். 1595இல் வால்டர் ராலே எல் டொராடோவைத் தேடிக் கயானாவுக்குப் போனார். திரும்பி வந்து எழுதிய புத்தகத்தில் அந்த நாட்டை ஆண் கை படாத கன்னியாக வர்ணித்தார். கன்னி என்றால் அடுத்து என்ன செய்வார்கள் என்று ஒரு பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பொன்னைத் தேடியவர்களுக்கு முதலில் கிடைத்தது பல இடங்களில் முத்து. 1498இல் கொலம்பஸ் இன்றைய வெனிசுவேலாக் கரையில் முத்தணிந்த மக்களைக் கண்டார். சில ஆண்டுகளில் அங்கே குபாகுவா தீவில் ஸ்பானியர்கள் கடை விரித்தார்கள். பஹாமாத் தீவுகளின் மக்களைப் பிடித்துவந்து மூச்சு முட்டும்வரை முக்கினார்கள். அந்தக் கொடுமையை லாஸ் கசாஸ் என்ற பாதிரியாரே எழுதிவைத்திருக்கிறார். 1540 வாக்கில் சிப்பிப் படுகை தீர்ந்தது, ஊரும் காலியானது. அந்தக் கரைக்கும் முத்துக் கரை என்றுதான் பெயர். நம் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர்.

இனி நம் கரைக்கு வருவோம். கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது ‘பெரிப்ளூஸ்’ என்னும் முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல். கொற்கை முத்தின் புகழைப் பேசும் மேடைகளில் இந்த வரி மட்டும் ஏனோ வாசிக்கப்படுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ கணக்கைச் சரியாகவே எழுதினார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாவை மந்திரத்தால் கட்டும் பிராமணர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மூழ்கியவனுக்குக் கூலி.

பெண்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? நான் தேடிப் பார்த்தேன். வருகிறார்கள், ஆனால் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள்.

ரோமைச் சேர்ந்த பிளினி, இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுவதாகப் புலம்பினார். நம் ஆடம்பரத்துக்கும் நம் பெண்களுக்கும் ஆகும் செலவு இது என்று பழியைப் பெண்கள் தலையில் போட்டார். கப்பல் விட்டவனும் லாபம் பார்த்தவனும் ஆண்கள். குற்றவாளி, கழுத்தில் முத்துப் போட்டவள்.

மார்க்கோ போலோ அரசனின் கழுத்திலிருந்த முத்துகளையும் மாணிக்கங்களையும் எண்ணினார், 104. அவனுடைய மனைவியரையும் எண்ணினார், 500. இரண்டும் ஒரே சொத்துப் பட்டியல்.

1530களில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி மதம் மாறினார்கள். பாதுகாப்புக்கு விலை உண்டு. கரையிலிருந்து போன காணிக்கையில் ஆண்டுக்கு 4,000 பணம், போர்ச்சுக்கல் ராணி கத்தரீனாவின் செருப்புச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆம், செருப்புக்கு. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் ராணிக்கு எழுதி, அந்தப் பணத்தை இங்கே ஞானோபதேசம் கற்பிப்பவர்களுக்குத் திருப்பிவிட்டார் என்பதைப் புண்ணியக் கதையாகச் சொல்வார்கள். அதே சவேரியார் சாராயம் குடிக்கும் பெண்ணுக்கு அபராதமும் மூன்று நாள் சிறையும் விதிக்கச் சொன்னதைச் சொல்லமாட்டார்கள். எங்கள் கரைப் பெண் ஆவணத்தில் தலைகாட்டுவது இப்படித்தான்: தண்டனைக்கு உரியவளாக.

பிறகு 1658இல் டச்சுக்காரன் வந்தான், அவனுக்குப் பின் வெள்ளைக்காரன். கொடி மாறியது. குளிப்பு நடத்துவதும் ஏலம் விடுவதும் பங்கு பிரிப்பதும் ஆண்களின் கையிலேயே இருந்தன.

‘அப்போ நம்ம ஆளுங்க?’ என்று கேட்பீர்கள். நம்மவர்கள் எழுதிய வரலாற்றில் மட்டும் பெண் இருக்கிறாளா? சாதித் தலைவர்களின் பட்டியல் இருக்கிறது. சங்கு யாருக்கு, தோணி யாருக்கு, கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டை இருக்கிறது. ஆனால் எங்கள் கரையில் ஒரு வழக்கத்தைச் சொல்வார்கள்: மூழ்குகிறவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும். ஏனென்றால் தன் கூடப்பிறந்தவள் தாலியறுப்பதை அவன் விரும்பமாட்டான். ஒரு முத்தின் விலை ஒரு பெண்ணின் வாழ்வு என்று அந்தக் கயிற்றுக்குத் தெரிந்திருக்கிறது. அதை இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதிய ஒருவருக்கும் அது தெரியவில்லை. கயிறு அறுந்த வீட்டில் பிள்ளைகளை எப்படி வளர்த்தாள், கடனை எப்படிக் கட்டினாள் என்று எந்தக் குறிப்பும் இல்லை. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து இருந்தது என்று நமக்குத் தெரியும். அந்த முத்துக்காக மூழ்கியவனின் மனைவி பெயர் தெரியாது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. முத்து போய்விட்டது. தேடுகிறவர்கள் போகவில்லை. இப்போது அவர்கள் வளர்ச்சி என்ற பெயரில் வருகிறார்கள். எங்கள் கரை அவர்கள் வரைபடத்தில் இன்னும் அள்ளுவதற்கான இடம்தான். தாமிர உருக்காலையும் பொற்காலம் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தது. காற்றும் தண்ணீரும் கெட்டபோது குமரெட்டியாபுரத்துப் பெண்கள் மரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். நூறாவது நாள், 2018 மே 22. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஓப்பீருக்கு வழி கேட்டு வந்தவர்கள் எந்த ஊர்ப் பெண்ணிடமும் சம்மதம் கேட்டதில்லை.

பொன் வேண்டும் என்றால் உப்பளத்துக்கு வாருங்கள் அண்ணாச்சி. தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் விளைகிறது. விடிவதற்கு முன்னே அளத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாத்தியில் வாரிய உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். வெயிலில் உப்பின் வெளிச்சம் கண்ணைத் தின்கிறது. கால்வெடிப்பில் உப்புநீர் ஏறுகிறது. ஒதுங்கக் கழிப்பறை இல்லாத அளங்களில், தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரை அடக்குகிறார்கள். மழை வந்தால் மூன்று மாதம் வேலை இல்லை. அதற்கு அரசு தருவது 5,000 ரூபாய் நிவாரணம். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. இந்தப் பெண்களைத் தேடி வெளியூரிலிருந்து வந்து, கூட இருந்து பார்த்து, ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதியவர் ராஜம் கிருஷ்ணன் என்ற பெண். நம் ஊர் வரலாற்றுக் கூட்டங்களில் எத்தனை முறை அந்தப் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது?

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. உவரி ஓப்பீரா என்று ஆராயும் நேரத்தில் பாதியை எங்களுக்குத் தாருங்கள். கயிறு அறுந்த வீடுகளின் கதை தெரிந்த பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். உப்பளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன கூலி என்பதை மேடையில் எண்ணாகச் சொல்லுங்கள். அடுத்த கருத்தரங்கில் ஒரு அளத்துத் தொழிலாளியைப் பேசக் கூப்பிடுங்கள். அவருக்கு அன்றைய கூலியையும் கொடுங்கள், ஒருநாள் வேலையை விட்டுத்தான் அவர் வர வேண்டும்.

அதைச் செய்யாமல், சாலொமோனின் கப்பல் எங்கள் ஊருக்குத்தான் வந்தது என்று இனியும் சொல்லிக்கொண்டிருந்தால், நான் கேட்க ஒரு கேள்விதான் இருக்கிறது. வந்த கப்பலில் சரக்கு ஏற்றியது யார், அவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?